ஆகாப் சொன்னதும் ஏன் கேட்டார்கள்? ‘மோபி டிக்’ கேப்டனைப் பகுத்தாய ஒரு முழுமையான வழிகாட்டி

பீக்வாட் கப்பலில் யாருக்கும் சம்பளம் கிடையாது. அந்தக் காலத்து அமெரிக்கத் திமிங்கல வேட்டைக் கப்பல்களின் வழக்கப்படி, பயணம் முடிந்து எண்ணெய் விற்ற பிறகு லாபத்தில் ஆளுக்கொரு பங்குதான். கதை சொல்லும் இஷ்மேலுக்கு முந்நூறில் ஒரு பங்கு. ஈட்டி எறிவதில் கெட்டிக்காரனான அவன் நண்பன் குவீக்வெக்குக்குத் தொண்ணூறில் ஒரு பங்கு. பீப்பாய் நிறைந்தால்தான் வீட்டுக்குக் காசு போகும். அப்படிப்பட்ட கப்பலில் கேப்டன் ஒருநாள் எல்லோரையும் கூப்பிட்டு, என் காலைப் பறித்த ஒரேயொரு வெள்ளைத் திமிங்கலத்தைக் கொல்லத்தான் நீங்கள் கப்பலேறியிருக்கிறீர்கள் என்கிறான். தங்கள் பையில் ஓட்டை போடும் அந்தத் திட்டத்துக்கு மாலுமிகள் குதித்துக் கூச்சலிட்டுச் சம்மதிக்கிறார்கள்.

ஏன்? ஹெர்மன் மெல்வில் 1851-ல் வெளியிட்ட ‘மோபி டிக்’ நாவலின் கேப்டன் ஆகாபைப் பற்றிக் கட்டுரை எழுதப் போகிறீர்கள் என்றால், உங்கள் வேலை முழுக்க இந்த ‘ஏன்’தான்.

பெரும்பாலானவர்கள் இதை விட்டுவிட்டு ஆகாபின் குணங்களைப் பட்டியல் போடுகிறார்கள்: பிடிவாதக்காரன், வெறிபிடித்தவன், கொடுமைக்காரன், கர்வி. நானும் கல்லூரியில் அதைத்தான் செய்தேன். நான்கு பக்கம் எழுதியிருந்தேன். திருத்திய ஆசிரியர் ஓரத்தில் ஒரே வரி எழுதித் திருப்பிக் கொடுத்தார்: “இதை எழுத நாவலைப் படித்திருக்க வேண்டியதில்லையே.” சுருக்கென்றது. ஆனால் சரியான வார்த்தை. அடக்கி ஆள்கிற ஒரு பாத்திரத்தை அவனை மட்டும் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாது. அவன் முன்னால் நிற்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தால்தான் அவனுடைய அதிகாரம் எதனால் ஆனது என்று தெரியவரும். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான். வேறு நாவலின் வேறு அதிகாரப் பேர்வழிக்கும் இவை பொருந்தும். இங்கே ஆகாபை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதல் படி: எதைப் படிப்பது, எப்படிக் குறிப்பெடுப்பது

நாவலில் 135 அத்தியாயங்களும் ஒரு பின்னுரையும் இருக்கின்றன. முழுதும் படிப்பதுதான் நல்லது. ஆனால் கட்டுரைக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் 16, 19, 28 முதல் 31, 33, 34, 36 முதல் 38, 41, 46, 109, 118, 119, 123 முதல் 125, 128 முதல் 130, பிறகு 132 முதல் கடைசி வரை படியுங்கள். திமிங்கலத்தின் வகைகள், தலை, வால் பற்றிய அத்தியாயங்களை முதல் சுற்றில் தாண்டிப் போகலாம். மெல்வில் ரசிகர்கள் என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை.

குறிப்பேட்டில் கோடு போட்டு நெடுக்காக நான்கு பத்தி பிரித்துக்கொள்ளுங்கள். ஆகாப் யாரிடம் பேசுகிறான், என்ன கேட்கிறான், பதிலுக்கு என்ன கொடுக்கிறான், எதிரில் நின்றவர் என்ன செய்தார். நான்காவது பத்திதான் முக்கியம். பேச்சில் பதில் இல்லாமல் போகலாம். பார்வையைத் தாழ்த்துவது, பின்வாங்குவது, சிரிப்பது, உத்தரவை நிறைவேற்றுவது எல்லாமே பதில்தான். அத்தியாய எண்ணைக் கட்டாயம் போடுங்கள். இந்தப் புத்தகத்தில் ஒரு வரியைத் திரும்பத் தேடுவது கடலில் ஊசி தேடுகிற வேலை.

இரண்டாம் படி: பதவி கொடுத்த அதிகாரத்தைத் தனியே பிரித்து வையுங்கள்

ஆகாப் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பே அவனிடம் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது? ஏராளமாக. கப்பல் நான்டக்கெட் தீவிலிருந்து கிளம்பினால் திரும்ப மூன்று வருடம் ஆகலாம். நடுக்கடலில் மேல்முறையீடு செய்யப் போலீசும் கிடையாது, நீதிமன்றமும் கிடையாது. கேப்டனை எதிர்த்துக் கூட்டாக நின்றால் கலகக் குற்றம். அமெரிக்கக் கப்பல்களில் சவுக்கடித் தண்டனையை நாடாளுமன்றம் தடை செய்ததே 1850 செப்டம்பரில்தான், நாவல் வருவதற்கு ஒரு வருடம் முன்பு.

மெல்வில்லுக்கு இது ஏட்டறிவு இல்லை. 1841 ஜனவரியில் அகுஷ்னெட் என்ற திமிங்கலக் கப்பலில் போனவர், அடுத்த வருடம் மார்க்கெசாஸ் தீவில் இறங்கி ஓடிப்போனார். பிறகு ஏறிய லூசி ஆன் கப்பலில் மாலுமிகள் வேலை செய்ய மறுத்தபோது அவரும் சேர்ந்துகொண்டு தாஹித்தியில் காவலில் கிடந்தார். கீழ்ப்படிய மறுத்தால் என்ன ஆகும் என்று அனுபவித்துத் தெரிந்தவர் எழுதிய கேப்டன் இவன்.

இதைத் தனியே வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பதவியால் கிடைக்கும் கீழ்ப்படிதல் கப்பலை ஓட்டுவதற்கு மட்டுமே போதும். எண்ணெயைக் கைவிட்டு ஒருவனின் சொந்தப் பகைக்காக உயிரைக் கொடுக்க அது போதாது. 33-ஆவது அத்தியாயத்தில் மெல்வில்லே இந்தக் கோட்டைப் போடுகிறார்: கடலின் சம்பிரதாயங்களுக்குப் பின்னால் ஆகாப் சில சமயம் ஒளிந்துகொள்கிறான், அவற்றைத் தன் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்திக்கொள்கிறான் என்கிறார். ஆகவே ஒவ்வொரு காட்சியிலும் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: இந்த இடத்தில் அவர்கள் பணிவது கேப்டனுக்கா, ஆகாபுக்கா?

மூன்றாம் படி: அவன் இல்லாத பக்கங்களைப் படியுங்கள்

ஆகாப் முதன்முதலில் தளத்தில் வந்து நிற்பது 28-ஆவது அத்தியாயத்தில். அதற்கு முன்பே அவன் வந்துவிட்டான், வதந்தியாக. 16-ஆவது அத்தியாயத்தில் கப்பலின் பங்குதாரர் பெலெக் சொல்லும் வர்ணனையைப் பாருங்கள்: தெய்வ பக்தி இல்லாதவன், ஆனால் தெய்வம் போன்றவன், கல்லூரியும் பார்த்தவன், நரமாமிசம் தின்பவர்களோடும் இருந்தவன், இருந்தாலும் மனிதத்தன்மை உண்டு. ஒரு வாக்கியம் பயமுறுத்துகிறது, அடுத்தது சமாதானப்படுத்துகிறது. கேட்ட இஷ்மேலுக்கு அனுதாபம், வருத்தம், ஒருவித பிரமிப்பு எல்லாம் கலந்து வருகின்றன. ஆளைப் பார்க்காமலேயே அவன் பாதி வசப்பட்டுவிட்டான்.

பெயரையும் கவனியுங்கள். விவிலியத்தில் ஆகாப் ஒரு கெட்ட ராஜா. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்துக்கு ஆசைப்பட்டவன், யேசபேலின் கணவன், எலியா தீர்க்கதரிசி சபித்தவன். துறைமுகத்தில் இஷ்மேலை வழிமறித்துப் புதிராகப் பேசுகிற கிழிந்த சட்டைக்காரனின் பெயரும் எலியாதான் (அத்தியாயம் 19). ஆனால் பெயரை வைத்தே கட்டுரையை முடித்துவிடாதீர்கள். கிறுக்குப் பிடித்த விதவைத் தாய் அறியாமல் வைத்த பெயர் அது, அதை வைத்து அவனை எடைபோடாதே என்று பெலெக்கே எச்சரிக்கிறார். வாசகருக்கும் சேர்த்துத்தான் அந்த எச்சரிக்கை.

நான்காம் படி: சின்னக் காட்சிகளில் நேரம் செலவழியுங்கள்

என் கணக்கில் இந்த நாவலின் மிகக் கொடுமையான காட்சி ஒரு சாப்பாட்டு மேஜை. 34-ஆவது அத்தியாயம். சாப்பாடு தயார் என்றதும் முதலில் ஆகாப் கீழே போகிறான். கொஞ்ச நேரம் கழித்து முதல் மேட் ஸ்டார்பக், பிறகு இரண்டாம் மேட் ஸ்டப், கடைசியில் மூன்றாம் மேட் ஃபிளாஸ்க். (மேட் என்பது கேப்டனுக்கு அடுத்த நிலை அதிகாரிகளுக்குக் கப்பலில் சொல்லும் பெயர்.) எழுந்து போவது தலைகீழ் வரிசையில். கடைசியாக உட்கார்ந்த ஃபிளாஸ்க் முதலில் எழ வேண்டும். ஆக, அதிகாரியான நாளிலிருந்து அந்த ஆள் வயிறாரச் சாப்பிட்டதே இல்லை. வெண்ணெயை எடுத்துப் போட்டுக்கொள்ளக்கூட அவனுக்குத் துணிச்சல் வரவில்லை.

இதில் ஆகாப் என்ன செய்தான் என்று குறிப்பேட்டில் எழுதப் பாருங்கள். எதுவும் செய்யவில்லை. வெண்ணெயைத் தொடாதே என்று சொல்லவில்லை. பேசாதீர்கள் என்றும் சொல்லவில்லை. மெல்வில் இதைத் தெளிவாகவே சொல்கிறார், பேச்சுக்குத் தடை எதுவும் இல்லை, அவன் பேசாமல் இருந்தான், அவ்வளவுதான். மேஜையின் சட்டங்களை மற்ற மூவரும் தாங்களே இயற்றித் தாங்களே காவல் காக்கிறார்கள். ஆகாபின் அதிகாரத்தில் பாதி இப்படி அவன் கேட்காமலே அவனுக்குக் கிடைத்தது. கட்டுரையில் இந்தக் காட்சிக்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்குங்கள்.

அடுத்தது ஸ்டப்பின் கனவு. 29-ஆவது அத்தியாயத்தில், இரவில் உங்கள் தந்தக் கால் பலகையில் இடிக்கும் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று ஸ்டப் தமாஷாகக் கேட்கிறான். நாயே, உன் கூண்டுக்குப் போ என்கிறான் ஆகாப். என்னை நாய் என்று கூப்பிட விடமாட்டேன் என்று ஸ்டப் முறைக்கிறான். அப்படியென்றால் பத்து மடங்கு கழுதை என்று சொல்லிக்கொண்டே ஆகாப் முன்னால் வர, ஸ்டப் தன்னையறியாமல் பின்வாங்குகிறான். திரும்பிப் போய் அடிப்பதா, மண்டியிட்டு அவனுக்காக ஜெபம் செய்வதா என்றே அவனுக்குத் தெரியவில்லை.

இரண்டு அத்தியாயம் கழித்து அவன் தன் கனவை ஃபிளாஸ்க்கிடம் சொல்கிறான். கனவில் ஆகாப் அவனைத் தந்தக் காலால் உதைக்கிறான். ஒரு கிழட்டுக் கடல்மனிதன் வந்து, இவ்வளவு பெரிய மனிதன் அழகான தந்தக் காலால் உதைத்தது உனக்குக் கௌரவம், இங்கிலாந்தில் பிரபுக்களே ராணி கையால் அடி வாங்குவதைப் பெருமையாக நினைக்கிறார்கள் என்று விளக்குகிறான். ஸ்டப்புக்குத் திருப்தி. எனக்குப் புத்தி வந்தது என்கிறான். அவமானம் ஒரே இரவில் பெருமையாக மாறிவிட்டது. மாற்றியவன் ஆகாப் இல்லை, ஸ்டப்பேதான். சிரிக்க வைக்கும்படி எழுதியிருப்பதால் பலர் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள். நீங்கள் போகாதீர்கள்.

ஐந்தாம் படி: பெரிய காட்சியை அசைவு அசைவாகப் பிரியுங்கள்

36-ஆவது அத்தியாயம்தான் நாவலின் மையக்கம்பம். இதை ‘ஆவேசமான உரை’ என்று ஒரே சொல்லில் கடப்பது பெரிய தவறு. நாடகம் போல மேடைக் குறிப்புகளோடு மெல்வில் எழுதியிருக்கிறார். நீங்களும் நாடக இயக்குநர் போலப் பிரித்துப் பாருங்கள்.

நாள் முழுக்கத் தளத்தில் நடந்துகொண்டே இருந்தவன், பொழுது சாய்கிற நேரத்தில் எல்லோரையும் பின்தளத்துக்கு வரச் சொல்கிறான். பாய்மர உச்சியில் காவலிருப்பவர்கள்கூட இறங்க வேண்டும். அபாயக் காலம் தவிர இப்படி நடப்பதில்லை, ஸ்டார்பக்கே திகைக்கிறான். கூட்டம் கூடிய பிறகும் ஆகாப் பேசாமல் நடக்கிறான். இந்த நடையில் கூட்டத்தின் கவனம் முழுக்க அவன் காலடிக்கு வந்துவிடுகிறது.

பிறகு கேள்விகள். திமிங்கலத்தைப் பார்த்தால் என்ன செய்வீர்கள்? கூவுவோம். அப்புறம்? படகை இறக்கித் துரத்துவோம். எல்லாம் சின்னப் பையனுக்கும் தெரிந்த பதில்கள். ஆனால் ஒவ்வொரு பதிலுக்கும் குரல் ஓங்குகிறது. இத்தனை சாதாரணக் கேள்விக்கு ஏன் இப்படிக் கொதிக்கிறோம் என்று மாலுமிகளே ஒருவரையொருவர் ஆச்சரியமாகப் பார்த்துக்கொள்கிறார்கள். ஆமாம் போடப் பழக்கிவிட்டு அதன் பிறகுதான் விஷயத்துக்கு வருகிறான்.

அடுத்தது தங்கக் காசு. பதினாறு டாலர் பெறுமானமுள்ள ஸ்பானியக் காசை வெயிலில் தூக்கிக் காட்டுகிறான். உடனே அறைந்துவிடவில்லை. சுத்தியல் வரும்வரை சட்டை ஓரத்தில் தேய்த்துப் பளபளப்பாக்குகிறான், வாய்க்குள் முனகிக்கொண்டே. வெள்ளைத் தலைத் திமிங்கலத்தை முதலில் காண்பவனுக்கு இது என்று சொல்லிப் பெரிய பாய்மரத்தில் அறைகிறான். பங்குக் கணக்கில் வாழ்கிறவர்களுக்கு அது கண்ணுக்குத் தெரியும் கூலி. இந்தக் காசைக் கடைசிவரை விடாமல் தொடருங்கள்: 133-ஆவது அத்தியாயத்தில் திமிங்கலத்தை முதலில் பார்ப்பவன் ஆகாபேதான். காசு எனக்கே, விதி எனக்காக வைத்திருந்தது என்று அவனே அறிவிக்கிறான்.

காலைப் பறித்தது மோபி டிக்தானா என்று கேட்டு, ரகசியத்தை வெளியே இழுப்பவன் ஸ்டார்பக். யார் சொன்னது உனக்கு என்று ஒரு கணம் சீறிய ஆகாப், சட்டென்று அந்தக் கேள்வியையே படியாக்கி ஏறிவிடுகிறான். ஆமாம், அதுதான் என்று அடிபட்ட காட்டு மிருகம் போல விம்முகிறான். காயத்தைக் காட்டிய அதே மூச்சில், இதற்குத்தான் நீங்கள் கப்பலேறியிருக்கிறீர்கள் என்று முடிக்கிறான். இது பச்சைப் பொய். அவர்கள் கையெழுத்துப் போட்டது எண்ணெய்க்காக. கூட்டம் கத்துகிறது. உடனே சாராயம் கொண்டுவரச் சொல்கிறான்.

ஸ்டார்பக் ஒருவன் மட்டும் முகத்தைத் தொங்கப்போட்டு நிற்கிறான். உங்கள் பழிவாங்கல் எத்தனை பீப்பாய் எண்ணெய் தரும், நான்டக்கெட் சந்தையில் அதற்கு என்ன விலை என்று கேட்கிறான். நாவலிலேயே புத்திசாலித்தனமான கேள்வி இது. வாயில்லா ஜீவனிடம் பழிவாங்குவது தெய்வ நிந்தனை என்றும் சேர்த்துக்கொள்கிறான். ஆகாபின் பதிலில் மூன்று அடுக்குகள் உண்டு. முதலில் தத்துவம்: கண்ணில் படுவதெல்லாம் முகமூடி, அதைக் குத்தித்தான் அப்பால் போக முடியும், சூரியன் என்னை அவமதித்தால் சூரியனையும் அடிப்பேன். அது பலிக்காமல் ஸ்டார்பக்கின் முகம் சிவப்பதைப் பார்த்ததும் தணிகிறான்: கோபத்தில் சொன்னது, பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. மூன்றாவதாகக் கூட்டத்தைக் காட்டுகிறான்: பார், எல்லோரும் என் பக்கம், இந்தப் புயலில் நீ ஒற்றைச் செடியாக நிற்க முடியுமா? ஸ்டார்பக் பேசாமல் இருக்கிறான். அந்த மௌனத்தையே சம்மதமாக ஆகாப் எழுதிக்கொள்கிறான். இனி ஸ்டார்பக் என்னுடையவன் என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறான்.

தத்துவ அடுக்கை எல்லா விமர்சகர்களும் மேற்கோள் காட்டுவார்கள். அழகான பகுதிதான். ஆனால் ஸ்டார்பக்கை வீழ்த்தியது தத்துவம் இல்லை. சுற்றி நின்ற முப்பது பேரின் சத்தம்தான் வீழ்த்தியது.

கடைசியில் சடங்கு. மூன்று மேட்களும் ஈட்டிகளைக் குறுக்கே நீட்ட, நடுவில் ஆகாப் பிடிக்கிறான். பிறகு ஈட்டி எறிபவர்களான குவீக்வெக், தாஷ்டெகோ, டாகூ மூவருக்கும் தான் ஊற்றிய சாராயத்தை அந்த மேட்கள் கையாலேயே கொடுக்க வைக்கிறான். படிநிலையால் ஆள்கிற கப்பலில் ஒரு நிமிடம் படிநிலை தலைகீழாகிறது. கீழே இருப்பவனுக்கு இந்த ஒரு நிமிடம் தருகிற போதை சாராயத்தில் கிடையாது.

ஆறாம் படி: எதிர்த்தவன் ஏன் தோற்றான்

ஸ்டார்பக் கோழை இல்லை. திமிங்கலத்துக்குப் பயப்படாத எவனும் என் படகில் வேண்டாம் என்று சொல்கிற நிதானஸ்தன். அவனுடைய தோல்வியை மூன்று இடங்களில் பாருங்கள்.

109-ஆவது அத்தியாயத்தில் எண்ணெய் கசிகிறது, கப்பலை நிறுத்திச் சரிபார்க்க வேண்டும் என்கிறான். ஆகாப் துப்பாக்கியை நீட்டுகிறான்: உலகத்துக்கு ஒரே கடவுள், பீக்வாடுக்கு ஒரே கேப்டன். ஸ்டார்பக் அமைதியாக, ஆகாபிடம் ஆகாப் ஜாக்கிரதையாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வெளியேறுகிறான். இதற்குப் பிறகு ஆகாப் தளத்துக்கு வந்து அவன் கேட்டபடியே உத்தரவிடுகிறான். பல கட்டுரைகள் இந்தத் தளர்வை விட்டுவிடுகின்றன. வளையத் தெரிந்த கொடுங்கோலன்தான் அதிக நாள் நீடிப்பான்.

123-ல் அதே துப்பாக்கி ஸ்டார்பக்கின் கையில். கதவுக்கு அப்பால் ஆகாப் தூங்குகிறான். முப்பது உயிர்களைக் காப்பாற்ற ஒருவனைக் கொல்லலாமா? கட்டிப்போட்டு ஊருக்குக் கொண்டுபோகலாமா? கரை வெகு தூரம், சட்டம் அதைவிடத் தூரம். வீட்டில் மனைவி மேரி, மகன். கடைசியில் துப்பாக்கியைத் திரும்ப மாட்டிவிட்டு, கேப்டனை எழுப்பும் வேலையை ஸ்டப்பிடம் தள்ளுகிறான். அவன் மனசாட்சிக்கு நியாயமும் சட்டமும் ஒன்றுதான். இரண்டும் வேறு வேறு திசையில் இழுக்கும்போது என்ன செய்வதென்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

இந்த இடத்தில் ஒரு சின்ன விலகல். மெல்வில்லின் மாமனார் லெமுவேல் ஷா மாசசூசெட்ஸின் தலைமை நீதிபதி. அடிமை முறையை விரும்பாதவர் என்றே பெயர். அவர்தான் 1851 ஏப்ரலில், தப்பி வந்த தாமஸ் சிம்ஸை விடுவிக்க மறுத்தார். சட்டம் அப்படித்தான் இருந்தது. சிம்ஸ் ஜார்ஜியாவுக்கு அடிமையாகத் திருப்பி அனுப்பப்பட்டார். ஸ்டார்பக்தான் ஷா என்று எழுதினால் மதிப்பெண் போய்விடும். மெல்வில் இந்த நாவலை எழுதி முடித்துக்கொண்டிருந்த மாதங்களில் அவருடைய குடும்பத்திலேயே இப்படி ஒரு கீழ்ப்படிதல் நடந்தது என்று எழுதலாம்.

இஷ்மேலையும் விட்டுவிடாதீர்கள். 41-ஆவது அத்தியாயம் அவனுடைய ஒப்புதலோடு தொடங்குகிறது: நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன், என் கூச்சலும் சேர்ந்துதான் ஒலித்தது. இவ்வளவு நிதானமாக எல்லாவற்றையும் விவரிக்கிறவனே அன்று கத்தியிருக்கிறான்.

ஏழாம் படி: அவன் கணக்குப் போடுவதைப் பிடியுங்கள்

ஆகாப் வெறியன் என்பதோடு நிறுத்தினால் 46-ஆவது அத்தியாயம் உங்களைக் கவிழ்த்துவிடும். அதில் அவன் சுத்தமான நிர்வாகி. பயணத்தின் நோக்கத்தை மாற்றியதால் தன்மேல் அதிகார அபகரிப்புக் குற்றம் வரலாம், ஆட்கள் நியாயமாகவே கீழ்ப்படிய மறுக்கலாம் என்று அவனுக்குத் தெரியும். ஆவேசம் சீக்கிரம் ஆறிவிடும் என்பதும் தெரியும். அதனால் வழக்கமான வேட்டையையும் விடாமல் நடத்துகிறான். இவர்களுக்குக் காசு மேல் உள்ள நம்பிக்கையைப் பறிக்கக் கூடாது என்று முடிவெடுக்கிறான்.

கருவிகள் வரும் அத்தியாயங்களை வரிசையாக வையுங்கள். 118-ல் சூரியனை அளக்கும் கருவியைத் தளத்தில் வீசி மிதிக்கிறான். 119-ல் புயலில் பாய்மர முனைகளில் நெருப்பு எரிய, மாலுமிகள் கலக்கமாகக் கூவும்போது, எரியும் ஈட்டியைச் சுழற்றி மிரட்டிவிட்டு அந்தச் சுடரை ஊதி அணைக்கிறான். 124-ல் இடியால் திசைகாட்டி தலைகீழாகிறது. பாய் தைக்கும் ஊசியை எடுத்துக் காந்தமாக்கிப் புதிய திசைகாட்டி செய்கிறான். அப்போது சில விநோத அசைவுகள் செய்கிறான். அவை காந்தமேற்றத் தேவையா, கூட்டத்தைப் பிரமிக்க வைக்கவா என்று தெரியவில்லை என்கிறார் மெல்வில். எனக்கென்னவோ நமட்டுச் சிரிப்போடு எழுதிய வரி போலத்தான் தெரிகிறது. திசை காட்டும் பொருள்கள் ஒவ்வொன்றாகப் போய், கடைசியில் திசைக்கு அவனை மட்டுமே கேட்க வேண்டிய நிலை.

எட்டாம் படி: வழியில் வரும் கப்பல்களோடு ஒப்பிடுங்கள்

இதைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளலாம். டவுன்-ஹோ கதையில் (54) அநியாய உத்தரவுக்கு ஸ்டீல்கில்ட் என்ற மாலுமி பணிய மறுக்கிறான். ஆக, மறுப்பது முடியாத காரியம் இல்லை. ஜெரோபோம் கப்பலில் (71) பதவியே இல்லாத ஒரு பைத்தியக்காரத் தீர்க்கதரிசிக்குக் கேப்டனே பயப்படுகிறார். பதவியில்லாத அதிகாரத்துக்கு இது உதாரணம். சாமுவேல் எண்டர்பி கப்பலில் (100) அதே திமிங்கலத்திடம் கையை இழந்த கேப்டன் பூமர் சிரித்துக்கொண்டு, ஒரு கை போனது போதும் என்கிறார். இந்தக் கடைசிக் கப்பல் உங்கள் கட்டுரைக்கு ரொம்ப உதவும். கால் போனதால்தான் இப்படி ஆனான் என்று யாராவது சொன்னால் பூமரைக் காட்டுங்கள்.

ஒன்பதாம் படி: இளகும் இடங்களில் ஏமாறாதீர்கள்

132-ஆவது அத்தியாயத்தில் ஆகாப் கடலில் ஒரு துளிக் கண்ணீர் விடுகிறான். பதினெட்டு வயதில் முதல் திமிங்கலம், நாற்பது வருடம் கடலில், ஐம்பதுக்கு மேல் கல்யாணம், மறுநாளே பயணம். படிக்கும்போது நெஞ்சு அடைக்கும், அடைக்கட்டும். ஆனால் கட்டுரையில் அதோடு 128, 129-ஐ வைத்துப் படியுங்கள். காணாமல்போன பன்னிரண்டு வயது மகனைத் தேட உதவி கேட்டு ரேச்சல் கப்பலின் கேப்டன் கெஞ்சுகிறார். எனக்கு நேரம் போகிறது என்று ஆகாப் மறுக்கிறான். அடுத்த அத்தியாயத்தில் சித்தம் கலங்கிய கறுப்பினச் சிறுவன் பிப்பிடம், உன்னிடம் என் நோயைக் குணமாக்கும் ஏதோ இருக்கிறது, அதனாலேயே நீ என்னோடு வரக் கூடாது என்கிறான். மருந்து எங்கே இருக்கிறது என்று தெரிந்து, அதைக் கதவுக்குப் பின்னால் விட்டுவிட்டுப் போகிறவன். இரக்கம் வருகிறது, பொறுப்பு குறையவில்லை. இரண்டையும் சேர்த்து எழுதினால்தான் ஆகாப் முழுதாக வருவான்.

ஒரு எச்சரிக்கை. ஆகாபின் ரகசியப் படகோட்டிகளின் தலைவன் ஃபெதல்லா, பார்சி என்று சொல்லப்படுபவன், ஒரு நிழலாகவே வந்து போகிறான். ஆசியர்களைப் பற்றிய அந்தக் காலத்து அமெரிக்கக் கற்பனையின் பலவீனம் அது. அவனை ஆகாபின் சாத்தான் என்று நீங்களும் வழிமொழிய வேண்டியதில்லை. ஆசிரியரின் குறையைச் சொல்வதும் பகுப்பாய்வுதான்.

பத்தாம் படி: எழுதுவது

மைய வாக்கியத்தை முதலில் எழுதிப் பாருங்கள். ‘ஆகாப் ஒரு சர்வாதிகாரி’ என்பது மைய வாக்கியம் ஆகாது, அதை யாரும் மறுக்க மாட்டார்கள். ‘ஆகாபின் அதிகாரத்தில் பெரும்பகுதி, அவன் கேட்பதற்கு முன்பே மற்றவர்கள் கொடுத்தது’ என்று எழுதினால் வாதம் தொடங்கும். இல்லை, துப்பாக்கி நீட்டினானே என்று ஒருவர் எதிர்க்கலாம், நீங்கள் 109-க்குப் போய்ப் பதில் சொல்லலாம். காட்சிகளை நாவலின் வரிசையில் அடுக்க வேண்டாம். சாப்பாட்டு மேஜையில் தொடங்கி, பின்தளத்துக்குப் போய், துப்பாக்கியில் முடிக்கலாம். இன்றைய அரசியல்வாதி யாரோடாவது ஒப்பிட ஆசை வந்தால் கடைசி வரைவு வரை தள்ளிப்போடுங்கள். முதலிலேயே செய்தால் நாவல் காணாமல் போய்விடும்.

ஒரு பத்தி எப்படி இருக்கலாம் என்பதற்கு 130-ஆவது அத்தியாயத்தை எடுத்து நான் எழுதியது இது:

“திமிங்கலத்தைத் தானே முதலில் காண வேண்டும் என்று ஆகாப் தன்னைக் கயிற்றில் கட்டிப் பாய்மர உச்சிக்கு ஏற்றச் சொல்கிறான். கீழே கயிற்றைப் பிடித்திருப்பவர் விட்டுவிட்டால் அவன் கடலில் விழுவான். சுற்றி நிற்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, கயிற்றை ஸ்டார்பக்கிடம் கொடுக்கிறான். தன்னை எதிர்த்த ஒரே ஆளை அவன் தேர்ந்தெடுத்தது விநோதம் என்கிறான் இஷ்மேல். விநோதம் இல்லை. பின்தளத்தில் ஸ்டார்பக் மௌனமானதை ஆகாப் பார்த்தான். துப்பாக்கி முன்னால் கத்தாமல் வெளியேறியதைப் பார்த்தான். தூங்கும்போது துப்பாக்கி திரும்ப மாட்டப்பட்டதை மட்டும் பார்க்கவில்லை, ஆனால் பார்த்தவன் போலவே நடந்துகொள்கிறான். ஸ்டார்பக் கயிற்றை வாங்கி முளையில் கட்டுகிறான். பக்கத்திலேயே நிற்கிறான்.”

இதில் ஆகாபைப் பற்றி எத்தனை பெயரடை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். பிறகு உங்கள் வரைவை எடுத்து, அதிலும் எண்ணுங்கள்.